கூட்டுப் பணமும் கணக்கு வழக்கும்

பலர் சேர்ந்து போட்ட பணத்தை ஒருவர் எடுத்துத் தன் சொந்தத் தேவைக்குச் செலவழித்துவிட்டார் என்று வழக்கு வரும்போது, எடுத்த நேரத்தில் அந்தப் பணம் யாருடையதாக இருந்தது என்ற கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும். யார் வழக்குப் போடலாம், எந்த மன்றத்தில் போடலாம், காவல் நிலையப் புகார் நிற்குமா, மீட்ட பணம் யார் கைக்குப் போகும் என்பவை எல்லாம் அந்த ஒரு விடையைப் பொறுத்தே அமைகின்றன. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து, எடுத்துவிட்டான் என்ற ஆத்திரத்தோடு வக்கீலிடம் வருகிறார்கள். தவறான மன்றத்தில் தவறான ஆள் பெயரில் போட்ட வழக்கு தள்ளுபடியாகும்போது, சில ஆண்டுகளும் கையிலிருந்த மீதிப் பணமும் கரைந்திருக்கும்.

பேச்சில் கூட்டாளி, பங்காளி, பார்ட்னர், பங்குதாரர் என்ற சொற்களெல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. சட்டம் அவற்றைக் கலப்பதில்லை. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி நடக்கும் பார்ட்னர்ஷிப்புக்குத் தனி ஆளுருவம் கிடையாது. கடையின் பெயர் என்பது கூட்டாளிகள் அனைவரையும் சேர்த்துச் சொல்லும் பெயர், அவ்வளவுதான். கல்லாவில் இருக்கும் பணம் அவர்கள் எல்லோருக்கும் பிரிக்கப்படாத சொத்து. கம்பெனியின் நிலை வேறு. அது பதிவான நாள் முதல் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். லண்டன் தோல் வியாபாரி சாலமன் தம் கடையையே கம்பெனியாக்கிய வழக்கில், ஏறக்குறைய எல்லாப் பங்குகளும் ஒருவரிடமே இருந்தாலும் கம்பெனி வேறு, அவர் வேறு என்று 1897-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1950-களின் நடுவில் ஒரு வருமான வரி வழக்கில் இதையே இன்னும் கூர்மையாகச் சொன்னது. தேயிலைக் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்த ஒருவர், கம்பெனி வருமானத்தில் 60 விழுக்காடு விவசாய வருமானமாக வரிவிலக்குப் பெறுவதால் தமக்கு வந்த ஈவுத்தொகையிலும் அந்தப் பங்குக்கு விலக்கு வேண்டும் என்று கேட்டார். தேயிலைத் தோட்டம் கம்பெனிக்குச் சொந்தமே தவிரப் பங்குதாரருக்குச் சொந்தமன்று, ஆகவே அவருக்கு வருவது விவசாய வருமானம் ஆகாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

வரி வழக்கில் சொன்ன இந்த விதி கல்லாவுக்கும் அப்படியே பொருந்தும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வைத்திருப்பவர்கூடக் கம்பெனிப் பணத்தை எடுத்தால், எடுத்தது பிறர் பணம். ‘என் கம்பெனி, என் காசு’ என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. இதன் மறுபக்கம்தான் சிறுபான்மைப் பங்குதாரர்களைத் திகைக்க வைக்கிறது. போன பணம் கம்பெனியின் பணம் என்றால், ‘என் பணம் போயிற்று’ என்று பத்து விழுக்காட்டுக்காரரும் சொல்ல முடியாது. பணத்தை இழந்தவர் கம்பெனி என்ற அந்தத் தனி ஆள். அந்த ஆளின் வாயும் கையும் பெரும்பாலும் பணத்தை எடுத்தவரின் பிடியில் இருக்கும். பங்குதாரர் வழக்குகளின் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

பணம் கல்லாவிலிருந்து நேராக ஒருவர் சட்டைப்பைக்குப் போவது அரிது. ஒரு சிறிய பின்னலாடைக் கம்பெனியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மூன்று பங்குதாரர்கள், அவர்களில் ஒருவர் நிர்வாக இயக்குநர். கடைத்தெருவில் நூல் கிலோ 280 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அவருடைய மைத்துனர் பெயரில் உள்ள ஏஜென்சியிலிருந்து 292 ரூபாய்க்கு வாங்கப்படுகிறது. மாதம் 5 டன். கிலோவுக்கு 12 ரூபாய் வீதம் மாதத்துக்கு 60,000 ரூபாய், ஆண்டுக்கு 7 லட்சத்து 20,000 ரூபாய் குடும்பத்துக்குள் போய்விடுகிறது. பில் இருக்கிறது, ஜிஎஸ்டி கட்டியிருக்கிறது, பணம் வங்கி வழியாகத்தான் போயிருக்கிறது, சரக்கும் குடோனுக்கு வந்திருக்கிறது. ஆடிட்டர் கையெழுத்துப் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. வருட முடிவில் ஐந்தொகையைப் பார்க்கும் மற்ற இருவருக்கும் ‘இந்த வருஷம் மார்ஜின் குறைவு’ என்பது மட்டுமே தெரியும்.

இதேபோன்ற வழிகள் பல உண்டு. வேலைக்கு வராத மனைவிக்கோ மகனுக்கோ சம்பளம், சொந்தக் கட்டடத்துக்குக் கம்பெனியிடமிருந்து கூடுதல் வாடகை, திரும்பி வராத ‘அட்வான்ஸ்’, கம்பெனியின் வைப்புத்தொகையை அடகாக வைத்து இயக்குநர் வாங்கும் தனிக்கடன் ஆகியவை வழக்குகளில் திரும்பத் திரும்ப வருபவை. பேரேட்டில் இவை சஸ்பென்ஸ் கணக்கு, இயக்குநர் கடன் கணக்கு, பல்வகைச் செலவு என்ற தலைப்புகளில் ஒதுங்கும். பில்லே இல்லாத களவைவிடப் பில்லோடு நடக்கும் களவுதான் நிரூபிக்கக் கடினமானது. அங்கே கேள்வி ரசீது உண்டா என்பதைத் தாண்டி, அந்த விலைக்கு ஓர் அந்நியர் விற்றிருப்பாரா, அந்த வாடகைக்கு ஓர் அந்நியர் இருந்திருப்பாரா என்ற இடத்துக்குப் போய்விடுகிறது.

கூட்டாண்மையில் பரிகாரம் ஒப்பீட்டளவில் நேரானது. கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நேர்மையாகவும் விசுவாசமாகவும் நடந்துகொள்ள வேண்டும், உண்மையான கணக்கையும் முழுத் தகவலையும் தர வேண்டும் என்று கூட்டாண்மைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு கடமை விதிக்கிறது. கடையின் பெயரையோ தொடர்பையோ சொத்தையோ பயன்படுத்தி ஒருவர் தனியாக இலாபம் பார்த்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதைக் கூட்டுக்கே கொடுத்துவிட வேண்டும் என்பது 16-ஆம் பிரிவு. மோசடியால் வந்த நட்டத்தைச் செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்பது 10-ஆம் பிரிவு. இந்தக் கடமையை ஒப்பந்தம் எழுதியும் தட்டிக்கழிக்க முடியாது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் படி எடுத்துக்கொள்ளவும், கடைக்கே வராத கூட்டாளிக்கும் உரிமை உண்டு.

வழக்கு என்று வந்தால் அதன் வடிவம் கூட்டைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கும் வழக்கு. நீதிமன்றம் முதலில் முதல்நிலைத் தீர்ப்பாணை பிறப்பித்து, யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் கணக்கு எடுக்க வேண்டும் என்பதையும் அறிவிக்கும். பிறகு கணக்கைப் பார்க்க ஓர் ஆணையரை அமர்த்தும். அவர் நாள்வழியையும் பேரேட்டையும் வங்கிப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்து அறிக்கை கொடுத்த பிறகு இறுதித் தீர்ப்பாணை வரும். புத்தகத்தைத் தன் கையில் வைத்திருப்பவர் அதைக் கொண்டுவர மறுத்தால், கொண்டுவந்திருந்தால் அது அவருக்கு எதிராகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஆகவே கணக்குப் புத்தகம் தொலைந்துவிட்டது என்ற பழைய உத்தி சொன்னவரையே திருப்பித் தாக்கக்கூடும்.

இந்த வழியில் இருக்கும் பெரிய பள்ளம் 69-ஆம் பிரிவு. பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தின் கூட்டாளி, ஒப்பந்தத்தால் வந்த உரிமைக்காக நிறுவனத்தின் மீதோ மற்றக் கூட்டாளிகள் மீதோ வழக்குத் தொடர முடியாது. கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் மட்டும் வழி திறந்திருக்கிறது. அதாவது, கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘நீ எடுத்த ஐந்து லட்சத்தைத் திருப்பிக் கட்டு’ என்று கேட்க அவருக்குக் கதவு அடைத்திருக்கும், கடையையே மூடிவிடு என்று கேட்கத்தான் திறந்திருக்கும். நம்பிக்கையில் தொடங்கிய தொழிலுக்குப் பதிவு எதற்கு என்று விட்டுவிடுபவர்கள் இந்த விலையைத்தான் கொடுக்கிறார்கள்.

கூட்டாண்மைப் பத்திரங்களில் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்கு விடவேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பத்திர எழுத்தர் பழைய மாதிரியிலிருந்து படி எடுத்த வரியாகவும் அது இருக்கலாம். பணத்தைக் கையாடினார் என்ற குற்றச்சாட்டை நடுவர் விசாரிக்கலாமா, நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டுமா என்ற கேள்வியில் இந்தியச் சட்டம் நகர்ந்த பாதைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டு வழக்குகள் காரணம். ஒன்று கோயம்புத்தூரில் இருந்த ஒரு பொறியியல் கூட்டு நிறுவனத்தின் தகராறு. கணக்குப் புத்தகத்தில் தில்லுமுல்லு என்ற கடுமையான குற்றச்சாட்டு இருப்பதால் அது நீதிமன்றத்துக்கு உரிய விஷயம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னது.

மற்றொன்று திருநெல்வேலியிலிருந்து போனது. அண்ணன் தம்பிகள் 1994-இல் எழுதிய பத்திரத்தின்படி கூட்டாக ஓர் ஓட்டலை நடத்திவந்தார்கள். தந்தை இருந்தவரை தகராறு இல்லை. அவர் காலமான பிறகு மூத்தவர் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். அன்றாட வசூலை மறுநாளே வங்கியில் கட்ட வேண்டும் என்பது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. அப்படிக் கட்டவில்லை என்றும், மற்றவர்களுக்குத் தெரியாமல் தம் மகன் பெயருக்குச் சுமார் 10 லட்சம் ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார் என்றும் தம்பிகள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள். பத்திரத்தில் நடுவர் பிரிவு இருக்கிறதே என்றார் மூத்தவர். கீழமை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் கோயம்புத்தூர் வழக்கைக் காட்டி அவர் வாதத்தை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபர் 4-இல் அதை மாற்றியது. வசூலைக் கட்டாதது, காசோலை கொடுத்தது எல்லாம் கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும் சங்கதிகள், அவற்றை நடுவரே விசாரிக்கலாம், ஒப்பந்தமே செல்லாது என்னும் அளவுக்குப் போகும் பெரும் மோசடிகளை மட்டும் நீதிமன்றம் தன்னிடம் வைத்துக்கொள்ளும் என்பது தீர்ப்பின் சாரம். பணத்தை எடுத்தாரா இல்லையா என்பதைப் பற்றி அந்தத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் வழக்கின் கருத்தை 2020 டிசம்பரில் வேறொரு வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அடியோடு ஒதுக்கிவிட்டது.

ஓர் அண்ணன் தம்பி தகராறில், எந்த இடத்தில் விசாரிப்பது என்ற கேள்விக்கு மட்டும் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து டெல்லி வரை போக வேண்டியிருந்தது என்பதைப் பத்திரம் எழுதுகிறவர்கள் நினைவில் வைத்தால் நல்லது. நடுவர் வேண்டும் என்றால் அவரை எப்படி அமர்த்துவது, எந்த ஊரில் அமர்வது, கையாடல் குற்றச்சாட்டும் அவரிடம் போகுமா என்பதை அந்தக் கடைசி வரியிலேயே எழுதிவிடலாம்.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்ற கேள்வி எல்லாக் கூட்டுத் தகராறிலும் எழுகிறது. நம்பிக்கை மோசடி பழைய தண்டனைச் சட்டத்தில் 405, 406-ஆம் பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதையின் 316-ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தக் குற்றத்துக்குப் பணம் ஒருவரிடம் ‘ஒப்படைக்கப்பட்டிருக்க’ வேண்டும். 1960-களின் நடுவில் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கூட்டாளியின் நிலையை விளக்கியது. கூட்டுப் பணத்தின் மீது கூட்டாளிக்கு இருக்கும் அதிகாரம் அவர் கூட்டாளி என்பதாலேயே வந்தது, யாரும் அவரிடம் ஒப்படைத்ததால் வந்ததன்று. ஆகவே குறிப்பிட்ட தொகையைக் குறிப்பிட்ட வேலைக்கு என்று தனி ஏற்பாட்டில் கொடுத்திருந்தாலன்றி, அதை அவர் சொந்தமாகச் செலவழித்தது பொதுவாக நம்பிக்கை மோசடி ஆகாது, கணக்குத் தீர்க்க வேண்டிய சிவில் விவகாரமே என்பது அந்தத் தீர்ப்பு.

கம்பெனி இயக்குநருக்கு இந்தக் கவசம் இல்லை. பணம் கம்பெனி என்ற வேறொருவருடையது, இயக்குநரின் கையில் இருப்பது ஒப்படைக்கப்பட்ட பணம். பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைவராக இருந்த ராமகிருஷ்ண டால்மியா, கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து இரண்டு கோடி ரூபாய்க்கும் மேல் எடுத்துப் பங்குச்சந்தைச் சூதாட்டத்தில் வந்த நட்டத்துக்குக் கட்டினார் என்பது 1950-களில் நாட்டையே உலுக்கிய விஷயம். நாடாளுமன்றத்தில் பெரோஸ் காந்தி இதை எழுப்பினார். ஆயுள் காப்பீடு 1956-இல் நாட்டுடைமையானதற்கு இந்த முறைகேடும் ஒரு தூண்டுதல். வங்கியில் இருக்கும் பணம் ‘சொத்து’ ஆகாது என்றுகூட வாதாடிப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் 1962-இல் அதை ஏற்காமல் தண்டனையை உறுதி செய்தது.

அதற்காக ஒவ்வொரு கம்பெனித் தகராறையும் காவல் நிலையத்தில் தொடங்குவது நல்ல யோசனை ஆகாது. கைது செய்துவிட்டால் பணத்தைக் கொட்டிவிடுவான் என்ற எண்ணத்தில் கொடுக்கும் புகார்களை உயர் நீதிமன்றங்கள் சிவில் தகராறுக்குப் பூசிய குற்றவியல் சாயம் என்று ரத்து செய்வது அன்றாடம் நடக்கிறது. ரத்தான புகார் பிறகு எதிர்த்தரப்பின் கையில் ஆயுதமாகிவிடும். கம்பெனிகள் சட்டத்தின் 447-ஆம் பிரிவு மோசடிக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை விதித்தாலும், அந்தக் குற்றத்தில் தனிப் பங்குதாரர் நேரே நீதிமன்றத்தில் புகார் கொடுக்க முடியாது. தீவிர மோசடிப் புலனாய்வு அலுவலகத்தின் இயக்குநரோ அரசு அதிகாரம் அளித்தவரோதான் கொடுக்க வேண்டும்.

கம்பெனிப் பணம் போனால் வழக்குப் போட வேண்டியவர் கம்பெனிதான் என்ற விதி 1843-இல் மான்செஸ்டர் பூங்கா நில வழக்கு ஒன்றில் நிலைபெற்றது. விக்டோரியா பார்க் என்ற பெயரில் ஏறக்குறைய 180 ஏக்கரில் வீடுகளும் பூங்காவும் அமைக்க ஒரு கம்பெனி ஏற்பட்டது. இயக்குநர்கள் தங்கள் சொந்த நிலத்தையே கம்பெனிக்குக் கூடுதல் விலைக்கு விற்றார்கள், சொத்தைத் தவறாக அடகு வைத்தார்கள் என்று ஃபாஸ், டர்ட்டன் என்ற இரு பங்குதாரர்கள் ஹார்பாட்டில் முதலிய இயக்குநர்கள் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அநியாயம் நடந்திருந்தால் அது கம்பெனிக்கு நடந்த அநியாயம், பொதுக்குழு கூடிக் கம்பெனி பெயரில் வழக்குப் போடட்டும் என்று நீதிபதி விக்ரம் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு பங்குதாரரும் ஒவ்வொரு வழக்குப் போட்டால் தொழில் நடக்காது என்ற அளவில் இந்த விதி நியாயமானதே. பொதுக்குழுவின் பெரும்பான்மையே குற்றம் சாட்டப்பட்டவரின் கையில் இருந்தால் அது களவுக்குக் காவல் நிற்கும் விதியாக மாறிவிடுகிறது. இந்தக் குறையை உணர்ந்தும் நீதிமன்றங்கள் விதிவிலக்குகளைத் துளித்துளியாகத்தான் அனுமதித்தன.

அந்த விதிவிலக்குகளில் மிகத் தெளிவானது 1916-இல் கனடாவிலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு வந்த குக் என்பவரின் வழக்கு. ரயில் பாதை போடும் கம்பெனி ஒன்றில் நால்வருக்கும் கால் பங்கு வீதம் இருந்தது. மூன்று பேர் சேர்ந்து, கம்பெனிக்கு வர வேண்டிய அடுத்த ஒப்பந்தத்தைத் தங்கள் பெயரில் வாங்கிக்கொண்டார்கள். பிறகு பொதுக்குழுவைக் கூட்டித் தங்கள் முக்கால் பங்கு வாக்கைக் கொண்டு, அந்த ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு அக்கறை இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். அந்த ஒப்பந்தம் கம்பெனியின் சொத்து, அதைப் பெரும்பான்மை வாக்கால் தமக்கே தானம் செய்துகொள்ள முடியாது என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ‘தீர்மானம் போட்டுத்தானே எடுத்தோம்’ என்று இன்றும் சொல்லப்படும் பதிலுக்கு இந்தத் தீர்ப்பே போதுமான மறுமொழி.

நீதிமன்றங்கள் தயங்கிய இடத்தில் சட்டமன்றம் வழி திறந்தது. பிரிட்டனில் 1948-இலும், இந்தியாவில் 1951-இல் பழைய சட்டத்தில் செய்த திருத்தத்தின் மூலமும், பிறகு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 397, 398-ஆம் பிரிவுகளாகவும் சிறுபான்மைப் பங்குதாரருக்குத் தனிப் பரிகாரம் கிடைத்தது. இன்று அது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 241, 242-ஆம் பிரிவுகளில் இருக்கிறது. கம்பெனி விவகாரங்கள் ஓர் உறுப்பினரை ஒடுக்கும் விதமாகவோ, அவருக்கோ கம்பெனிக்கோ பொதுநலனுக்கோ கேடாகவோ நடந்தால் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். தீர்ப்பாயம் 2016 ஜூன் 1 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்குச் சென்னை அமர்வு. தீர்ப்பாயத்தின் அதிகாரத்துக்குள் வரும் விஷயத்தில் சிவில் நீதிமன்றம் கைவைக்க முடியாது.

பங்கு மூலதனம் உள்ள கம்பெனியில் மனுப் போட, குறைந்தது நூறு உறுப்பினர்கள் அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர், இந்த இரண்டில் எது குறைவோ அந்த எண்ணிக்கை வேண்டும். இல்லையேல் வெளியிட்ட மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு கையில் இருக்க வேண்டும். தகுதி குறைந்தவர்களுக்கும் விலக்குத் தரத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

மனுவில் எதை நிரூபிக்க வேண்டும்? ஒரே ஒரு தவறான காசோலை பெரும்பாலும் போதாது. கலிங்கா டியூப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965-இல் வகுத்த அளவுகோலின்படி, மனுப் போடும் நாள் வரை தொடர்ந்து வந்த, கடுமையான, அநியாயமான நடத்தை இருக்க வேண்டும். கம்பெனியைக் கலைத்துவிடுவதே நியாயம் என்று சொல்லக்கூடிய நிலை இருந்து, கலைத்தால் மனுதாரருக்கே கேடு என்பதால் மாற்றுப் பரிகாரம் கேட்பதாகவும் இருக்க வேண்டும். டாட்டா - மிஸ்திரி வழக்கில் 2021 மார்ச் 26-இல் வந்த தீர்ப்பு இந்த அளவுகோலை மீண்டும் இறுக்கிப் பிடித்தது. பதவியிலிருந்து நீக்கியது மட்டுமே ஒடுக்குமுறை ஆகிவிடாது என்றும் சொன்னது.

குடும்பமோ நண்பர்களோ சேர்ந்து நடத்தும் சிறிய கம்பெனிகளுக்கு வேறொரு நியாயமும் பொருந்தும். லண்டனில் பாரசீகக் கம்பள வியாபாரம் செய்த எப்ராஹிமி, நாசர் என்ற இருவர் சரிபாதிக் கூட்டாளிகளாக இருந்து 1958-இல் கம்பெனி ஆனார்கள். நாசரின் மகன் உள்ளே வந்ததும் தந்தையும் மகனும் பெரும்பான்மையாகி, 1969-இல் எப்ராஹிமியை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கினார்கள். அந்தக் கம்பெனியில் ஈவுத்தொகை கொடுக்கும் வழக்கமே இல்லை, இலாபம் முழுவதும் இயக்குநர் சம்பளமாகவே போனது. ஆகவே பதவி போனவருக்குப் பங்கு இருந்தும் ஒரு பைசா வராது. எல்லாம் சட்டப்படி சரியாகவே செய்யப்பட்டிருந்தும், நம்பிக்கையின் மேல் எழுந்த இந்தக் கம்பெனி உண்மையில் ஒரு கூட்டாண்மைதான் என்று கண்டு, பிரபுக்கள் சபை அதைக் கலைக்க உத்தரவிட்டது. ஈவுத்தொகையை நிறுத்திச் சம்பளத்தை ஏற்றுவது இன்றும் சிறுபான்மையைப் பட்டினி போடும் முதல் வழி.

நீலகிரியில் கேத்தியில் இருந்த ஊசித் தொழிற்சாலையின் வழக்கு, பரிகாரம் எவ்வளவு நுட்பமாக அமையலாம் என்பதற்குச் சான்று. அந்நியச் செலாவணிச் சட்டத்தால் வெளிநாட்டுப் பங்கை 40 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டியிருந்தது. இந்திய இயக்குநர்கள் 16,000 புதிய பங்குகளை ஒன்று 100 ரூபாய் முகமதிப்பில் வெளியிட்டார்கள். வெளிநாட்டுப் பங்குதாரருக்கு வாய்ப்பளிக்கும் கடிதம், பங்கு ஒதுக்கும் கூட்டம் நடந்த 1977 மே 2 அன்றுதான் இங்கிலாந்தில் போய்ச் சேர்ந்தது. உச்ச நீதிமன்றம் 1981-இல் இதை ஒடுக்குமுறை என்று சொல்லவில்லை. ஆனாலும் 190 ரூபாய் பெறும் பங்கு 100 ரூபாய்க்குப் போனதால் இந்தியப் பங்குதாரர்களுக்கு வந்த ஆதாயத்தை அப்படியே விடவில்லை. வெளிநாட்டவருக்கு உரிய 9,495 பங்குகளுக்கு, பங்குக்கு 90 ரூபாய் வீதம் 8,54,550 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. குற்றம் முழுதாக நிரூபணம் ஆகாத இடத்திலும் கணக்கை நேர் செய்யலாம் என்பதே இந்தத் தீர்ப்பின் பெரும் பயன்.

தீர்ப்பாயத்தின் கையில் இருக்கும் அதிகாரங்கள் பரந்தவை. நிர்வாக இயக்குநரை நீக்கலாம், அவர் அடைந்த முறையற்ற ஆதாயத்தைப் பிடுங்கலாம், ஒப்பந்தங்களை ரத்து செய்யலாம், ஒரு தரப்பின் பங்கை மறுதரப்பு வாங்க உத்தரவிடலாம். பல வழக்குகள் கடைசியில் இந்தப் பங்கு விற்பனையில்தான் முடிகின்றன. அப்போது மதிப்பீட்டாளர் எந்தத் தேதியை வைத்து மதிப்பிடுகிறார் என்பதிலும், போன பணத்தைத் திரும்பச் சேர்த்து மதிப்பிடுகிறாரா என்பதிலும்தான் உண்மையான சண்டை. பணம் உறிஞ்சப்பட்ட கம்பெனியை இன்றைய நிலையில் மதிப்பிட்டால், எடுத்தவருக்கே மலிவாகக் கிடைக்கும்.

இவ்வளவுக்கும் ஆதாரம் கணக்கு. இங்கே சட்டம் சிறுபான்மைப் பங்குதாரருக்கு அவ்வளவு இரங்கவில்லை. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை இயக்குநருக்கு உண்டு, வெறும் பங்குதாரருக்கு இல்லை. அதனால்தான் தகராறு முற்றும்போது முதல் அடி, எதிர்த்தரப்பை இயக்குநர் குழுவிலிருந்து வெளியேற்றுவதாக இருக்கிறது. 2015 ஜூன் 5 அறிவிக்கை பிரைவேட் கம்பெனிகளுக்கு இன்னொரு சலுகையும் தந்தது. உறவினர் கம்பெனியோடு செய்யும் ஒப்பந்தத்துக்குப் பொதுக்குழுவில் அனுமதி கேட்கும்போது, அந்த உறவு உடைய பங்குதாரர் வாக்களிக்கக் கூடாது என்ற தடை அவற்றுக்கு நீங்கியது. தொழில் செய்வதை எளிதாக்கத் தந்த இந்தச் சலுகை, மைத்துனர் ஏஜென்சிக்கும் வாசலைத் திறந்துவிட்டது.

பங்குதாரர் கையில் இருக்கும் கருவிகள் சில உண்டு, அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்பே கணக்கறிக்கையின் படி கிடைக்க வேண்டும். அதன் பின்னிணைப்புகளில் உறவினர் கொடுக்கல் வாங்கல் பற்றிய பக்கத்தை முதலில் படிக்க வேண்டும். பொதுக்கூட்ட நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கலாம். இயக்குநர்களுக்கு அக்கறை உள்ள ஒப்பந்தங்களின் பதிவேட்டைப் பதிவு அலுவலகத்திலேயே பார்த்துக் குறிப்பெடுக்கலாம். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. மனுப் போட்ட உடனே அந்தத் தடத்தையும் வங்கிப் பதிவுகளையும் பாதுகாக்க இடைக்கால உத்தரவு கேட்பது, பதவி நீக்கம் கேட்பதைவிட அவசரமான வேலை. கைக்குறிப்புத் தாள்களை நம்பி வழக்கைக் கட்டக் கூடாது. முறையாக எழுதிவந்த கணக்குப் புத்தகமே, தன்னளவில் ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. கட்டாத தனித் தாள்கள் கணக்குப் புத்தகமே ஆகா என்று ஜெயின் டைரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்த்துச் சொல்லிவிட்டது.

காலக்கெடுவும் இதில் உண்டு. கலைந்த கூட்டாண்மையின் கணக்கைக் கேட்டு வழக்குப் போடக் கலைந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். கம்பெனித் தீர்ப்பாயத்தில் போடும் மனுவுக்கும் காலவரம்புச் சட்டம் பொருந்தும், அங்கும் மூன்று ஆண்டுகள்தான். மோசடியை மறைத்திருந்தால் அது தெரிந்த நாளிலிருந்து, அல்லது முயன்றால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து அந்தக் கணக்குத் தொடங்கும். உறவினர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் நடுவில் வைத்துப் பேசிக் கழித்த மாதங்களை எந்த மன்றமும் அந்த மூன்று ஆண்டுகளிலிருந்து கழித்துக் கொடுப்பதில்லை.